மரம் ஜெர்மனி, படம் கிருஷ்ணகிரி

ஓசூரில் ஒரு பொருளைக் காட்டி "இது கையால செஞ்சது" என்றால், "ஏன் சார், மெஷின் ரிப்பேரா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாரி, மொபெட், கைக்கடிகாரம், தங்க நகை, இப்போது மின்சார ஸ்கூட்டர், செல்போன் பாகம் என்று எதையும் இயந்திரத்தில் போட்டு வரிசையாகத் தள்ளும் ஊர் இது. ரோஜாப்பூகூடத் தப்பவில்லை. தண்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, தரம் பிரித்துத்தான் பெட்டியில் அடுக்குகிறார்கள். பிப்ரவரி 14-க்கு வெளிநாடு போகும் காதலுக்கே இங்கே கிரேடு உண்டு.

இந்த ஊரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஷிப்ட் தொடங்கியதும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் சைரன் ஊதும்வரை கீழே வைக்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினால் சிவப்பு டேக், குறைந்தாலும் சிவப்பு டேக். நேற்று வந்த பாகத்தைப் போலவே இன்று வருவதும் இருக்க வேண்டும். ஆபரேட்டர் யாராவது சொந்தக் கற்பனையைக் காட்டினால் மெமோ கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாத படங்களை வரைந்து விற்கக் கிளம்பினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள் மனைவி.

படம் வரையப் பலகை வேண்டும். அந்த விஷயத்தில் ஓசூர்க்காரன் கொடுத்துவைத்தவன். வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. இயந்திரம் தொழிற்சாலைக்குள் போய்விடும், பெட்டி பிரிந்து பழைய மரக்கடைக்கு வந்துவிடும். அதை வாங்கிவந்து ஆணி பிடுங்கி, 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி 320 போட்டு இழைத்து, சலித்த செம்மண்ணைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து இரண்டு பூச்சு கொடுப்பேன். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளைக் கோடுகள். சுண்ணாம்பு என்று சொல்லத்தான் ஆசை. அக்ரிலிக் பெயிண்ட்.

என்ன வரைகிறேன்? இந்த மாவட்டத்தில் இருப்பதைத்தான். பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியில் ஒரு பாறையில், குதிரைமேல் உட்கார்ந்து ஆயுதத்தோடு மோதிக்கொள்ளும் ஆட்களை யாரோ வெள்ளை நிறத்தில் வரைந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மல்லச்சந்திரம் குன்றின்மேல் பெரிய பெரிய கல் பலகைகளை நிறுத்தி, மேலே ஒன்றை மூடிபோல் வைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. குனிந்து உள்ளே பார்த்தால் அங்கேயும் வெள்ளை ஓவியம். நடுகல்லுக்குக் கணக்கே இல்லை. மாடு பிடிக்க வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கிறார்கள். கொஞ்சம் பேர் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

"ஓசூர்ல என்ன சார் கலை இருக்கு, ஃபேக்டரிதானே?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஆனால் அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆக, ஃபேக்டரியும் பழசுதான். முதல் ஷிப்டுக்குப் பஞ்சிங் கார்டு மட்டும் கிடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய பின்னணியோடு படத்தை எடுத்துக்கொண்டு போய் வைத்தால் வருகிற முதல் கேள்வி: "வார்லியா?"

மகாராஷ்டிரத்துப் பழங்குடிகளான வார்லிகளை எனக்குப் பிடிக்கும். அரிசி மாவைக் கரைத்துச் செம்மண் சுவரில் அவர்கள் வரைகிற ஆட்டத்தைப் பார்த்தால் நமக்கே கால் ஆடும். ஜிவ்யா சோமா மாஷே என்ற பெரியவர் அதைச் சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து உலகம் பார்க்க வைத்தார். 2011-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். எல்லாம் சரி. அதற்காக வெள்ளைக் கோட்டில் எவன் குச்சி மனிதனை வரைந்தாலும் மகாராஷ்டிரத்துக்கே பட்டா எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? வார்லி மனிதனுக்கு உடம்பு இரண்டு முக்கோணம். என் ஆள் குதிரைமேல் கத்தியோடு இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தாலே கிருஷ்ணகிரிக்காரன் என்று தெரியும். முகம் வரையவில்லை என்பது வேறு விஷயம்.

பெங்களூரு குமாரகிருபா ரோட்டில் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சித்திரச் சந்தை' நடக்கும். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்துவது. 2025-ல் நடந்தது 22-வது சந்தை. அன்று ரோடு முழுக்கப் படம்தான். ஓவியக் கல்லூரிப் பேராசிரியரும் இருப்பார், நடைபாதையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் உங்கள் முகத்தை வரைந்து தரும் மாணவனும் இருப்பான். நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்ச ரூபாய்க்கும் உண்டு. ஓசூரிலிருந்து விடியற்காலைப் பனியில் பலகைகளைப் பழைய போர்வையில் சுற்றி, அத்திபள்ளி தாண்டி, சில்க் போர்டு தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். மனைவிக்குப் பிறந்த ஊர் ஆனேக்கல் பக்கம். கன்னடம் தண்ணி பட்ட பாடு. எனக்கும் பேச வரும், ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் எந்த மொழியும் வராது.

முதலில் வந்தவர் நல்ல மனிதர். வார்லியா என்று கேட்கவே இல்லை. பலகையைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசியில் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு முத்திரை. கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் ஐ.பி.பி.சி., கீழே டி.இ., ஏதோ நம்பர், எச்.டி. நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்துக்கெல்லாம் இந்த முத்திரை கட்டாயம். டி.இ. என்றால் ஜெர்மனியில் பக்குவப்படுத்திய மரம். எச்.டி. என்றால் சூடேற்றியது. மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரிக்கு வந்து 30 நிமிஷம் நிற்க வேண்டும், உள்ளே இருக்கிற புழுவும் முட்டையும் செத்துப்போக. தேய்த்து எடுத்திருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு ஒழுங்கான முத்திரையைத் தேய்க்க அளவு பார்த்த கைக்கு மனசு வரவில்லை.

"ஜெர்மனா?" என்றார். கண்ணில் மரியாதை ஏறியிருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குப் போணி ஆகியிருக்கும். எனக்குள் இருக்கும் இன்ஸ்பெக்டர் விடுவானா? "இல்ல சார், அது பூச்சிக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"பூச்சியா!" பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை. அடுத்து ஓர் அம்மாள் வந்து அதே பலகையைத் திருப்பி அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டாள். மரம் ஜெர்மனி, படம் கிருஷ்ணகிரி. அந்த அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மருமகளிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எஷ்டு?"

"சாவிரத ஐநூறு."

ஆயிரத்து ஐந்நூறா! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து நான் போட்ட காஸ்டிங் ஷீட்டில் மரம், பெயிண்ட், வார்னிஷ், உப்புத்தாள், கரண்டு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 412 ரூபாய் 50 காசு என்று வந்திருந்தது. இவள் அதை வாங்கிப் பார்த்து, "காசை எடுத்துடுங்க, முன்னாடி ஒரு ஒண்ணு போடுங்க" என்றாள். சில்லறை கொடுக்கச் சிரமம் என்று அதையும் மேலே ஏற்றி முழுசாக்கிவிட்டாள் போலிருக்கிறது.

"ஜாஸ்தி ஆயித்து, கம்மி மாடி" என்றார் அந்த அம்மாள். குறைக்கச் சொல்கிறார். நான் உடனே, "இந்த மூலையில கொஞ்சம் பிசிறு இருக்குங்க, அதுக்கு வேணா..." என்று தமிழும் கன்னடமும் கலந்து இழுத்தேன். மேஜைக்குக் கீழே என் காலில் மனைவியின் செருப்பு அழுத்தமாக இறங்கியது. மேலே அவள் சிரித்த முகமாக, விலையை இரண்டாம் முறை சொல்லாமல், வேறு பேச்சும் பேசாமல், அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு ஷிப்டே ஓடியது போலிருந்தது. பிறகு அவர் பர்ஸைத் திறந்தார்.

விற்பனை என்ற கலையை அன்றைக்குத்தான் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விலையைச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். கைவேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நாலு விநாடி மௌனத்தில்தான் நஷ்டப்படுகிறார்கள். "சும்மா பொழுதுபோக்குக்குப் பண்றது", "நான் ஒண்ணும் முறையா கத்துக்கலைங்க", "உங்களுக்கு எவ்வளவு தோணுதோ குடுங்க." இந்த மூன்று வாக்கியங்களில் எதைச் சொன்னாலும் இருநூறு ரூபாய் போச்சு. மூன்றையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தோடு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள்.

"இதை நானே வீட்ல போட்டுடுவேன்" என்று நம் முகத்துக்கு நேரே சொல்லும் வாடிக்கையாளரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். "யூடியூப்லயே இருக்கே" என்பவர் அவருக்குத் தம்பி. சொந்தக்காரர்கள் இன்னொரு ரகம். "கிரகப்பிரவேசத்துக்கு ஒண்ணு குடுத்துடு மாப்ள, உனக்கென்ன, கைவேலைதானே!" கை என்னமோ இலவச இணைப்பாக வந்தது என்று நினைப்பு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரிலேயே ஒரு விற்பனைக் கண்காட்சி. நான் ஸ்டால் போடவில்லை, வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஓர் இளைஞர் லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். பலகையில் படம் அச்சடித்து, பின்னால் காந்தம் ஒட்டி, ஃபிரிட்ஜில் மாட்டுவதற்காக விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று 80 ரூபாய், இரண்டு 150. நடுவில் என் குதிரைவீரன்! என் செம்மண், என் கோடு. குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அது என்ன என்று எனக்குத்தான் தெரியும். பெட்டி மரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை. என் படத்தைப் போட்டோ எடுத்தவர் அதையும் விட்டுவைக்கவில்லை. வரிசையாக எல்லாக் குதிரைக்குக் கீழேயும் அந்த ஆணி ஓட்டை, ஒரே அளவில், ஒரே இடத்தில். நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. கோபத்தோடு எனக்குக் கொஞ்சம் தொழில் மரியாதையும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"தம்பி, இது யாரு டிசைன்?"

"வார்லி சார். எல்லாரும் போடுறதுதான்."

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். அவர் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை எடுத்துவைத்து விளக்கினார். ஓவியத்துக்கு, வரைந்தவர் ஆயுளோடு அவர் இறந்தபின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஆனால் 15-ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. பொருள்மேல் போடும் டிசைனாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமலே வைத்துக்கொண்டு, உரிமைக்காரரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் போட்டுத் தள்ளிவிட்டால், அந்த டிசைனில் காப்புரிமை போய்விடும். ஐம்பது! சிப்காட்டில் டீ வருவதற்குள் ஐம்பது தாண்டிவிடும். நான் ஒரு பலகையைத் தேய்த்து முடிப்பதற்குள் கழுத்து வலிக்கிறவன். சட்டம் எனக்குப் பயப்படத் தேவையே இல்லை.

"நோட்டீஸ் அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க" என்றார் வக்கீல். "இந்தக் குதிரைவீரனை நீங்க எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"மல்லப்பாடி பாறையில பார்த்தது..."

"அவரு செத்து 60 வருஷம் ஆயிடுச்சா?"

ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வக்கீல் சிரித்தார். என் கோடு, என் நிறம், நான் அமைத்த விதம் என்னுடையவைதான், அதற்கு உரிமை உண்டு என்று பிறகு ஆறுதலாகவும் சொன்னார். ஆனால் ஃபீஸைக் கேட்டபோது, 80 ரூபாய்க் காந்தத்தை மொத்தமாக நானே வாங்கிவிட்டால் செலவு குறையும் என்று தோன்றியது. நோட்டீஸ் போகவில்லை.

அன்று முதல் இந்த 'ஒரிஜினல்' விவகாரத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நம் வீட்டுப் பூஜை அறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் லட்சுமியை யாராவது ஒரிஜினல் என்று சொல்ல முடியுமா? ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமிகளை வீட்டுக்கு வீடு அனுப்பினார். பிறகு நம் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமிகள் சிவகாசி அச்சகங்களின் காலண்டர் வழியாகத் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறின. அவற்றைப் பார்த்து வரைந்தவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்து வரைந்தவர்கள் எத்தனை பேர்! காப்பியின் காப்பிக்குத்தான் தினமும் கற்பூரம் காட்டுகிறோம். எந்த லட்சுமியும் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதாகத் தெரியவில்லை.

சுவாமிமலைக்குப் போங்கள். அங்கே ஸ்தபதி, தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார். அதற்கு ஒடியோலை என்று பெயர். நெற்றி இவ்வளவு, மூக்கு இவ்வளவு என்று எல்லாம் சாஸ்திரத்தில் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. அவருக்குச் சொந்தக் கற்பனை எங்கே இருக்கிறது? ஆனால் மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். உடைத்த அச்சில் இன்னொன்று வராது. அளவு எல்லோருக்கும் பொது, சிலை ஒன்றே ஒன்று. என்னைக் கேட்டால், நடராஜருக்கு ஐந்தாவது கை வரைகிறவரைவிட இவருக்குத்தான் நான் ஒரிஜினல் பட்டம் கொடுப்பேன்.

விற்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார்கள். நிலத்துக்குக் காசு? ஓவியத்தை யாரும் வரிசையில் நின்று வாங்காத காலம் அது. கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாட்டிக் வேலை செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள். நவீன ஓவியத்தில் தென்னிந்தியாவின் பெயரை நாட்டிய கூட்டம், பாட்டிக் துணியை மேஜையில் விரித்து விலை சொல்லியிருக்கிறது. நானெல்லாம் விலை சொல்லக் கூச்சப்படுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.

காந்தக்கார இளைஞரை மறுபடியும் பார்த்தேன். பாகலூர் ரோட்டு டீக்கடையில். இந்த முறை நான் கத்தவும் இல்லை, சட்டம் பேசவும் இல்லை. செல்போனில் மல்லப்பாடிப் பாறையின் படத்தைக் காட்டினேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நம்ம பர்கூரா சார்? நான் கிருஷ்ணகிரிதான் சார், எனக்கே தெரியாது" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? காந்தத்தின் அட்டையில் 'வார்லி' என்பதை எடுத்துவிட்டு 'கிருஷ்ணகிரி பாறை ஓவியம்' என்று அச்சடித்துவிட்டார். விலையையும் 120 ஆக்கிவிட்டார். ஆணி ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் சார், பழசு மாதிரி தெரியுது" என்கிறார்.

மனைவியிடம் சொன்னேன். "அவன் 120-க்கு விக்கிறான்னா நாம ஏன் இன்னும் ஆயிரத்து ஐந்நூறுலயே நிக்கிறோம்?" என்று கேட்டாள். அந்தக் கணக்கு எந்தக் காஸ்டிங் ஷீட்டில் வரும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் விலையைக் கூட்டிய பிறகும் பலகைகள் போகத்தான் செய்கின்றன.

அடுத்த ஜனவரியில் குமாரகிருபா ரோட்டுக்கு வந்தால் எங்கள் ஸ்டாலுக்கு அவசியம் வாருங்கள். பலகையைத் திருப்பிப் பாருங்கள், பேரம் பேசுங்கள், எதற்கும் தடை இல்லை. வார்லியா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் நான் மல்லப்பாடியில் ஆரம்பித்துவிடுவேன், உங்களுக்கு பஸ் போய்விடும். இப்போதைய விலை 1,800 ரூபாய். நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தால் கொஞ்சம் குறையும். மனைவி மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவாள்.